பனி ஏரியில் இழை எடுத்த நாள்

நாச்சியாபுரத்துச் சின்னச்சாமி பாகு பார்ப்பதைக் காண்பதற்கென்றே சில ஆச்சிமார் சமையற்கட்டுப் பக்கம் வந்து நிற்பார்கள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டுக் கருப்பட்டிப் பாகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒட்டிப் பிரிப்பார். பார்ப்பார் என்று சொல்வதுகூடத் தப்பு. கண் வேறெங்கோ இருக்கும், எவனாவது தேங்காயைத் தப்பாகத் துருவினால் அவனை வைதுகொண்டிருப்பார். விரல் மட்டும் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துவிட்டு, "இறக்கு" என்று அவருக்குச் சொல்லிவிடும். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே அவர் கை படாத கல்யாணப் பந்தி குறைவு. சின்னச்சாமிக்குத் தேதி இல்லை என்று தெரிந்தால் முகூர்த்தத்தையே தள்ளிவைத்த வீடுகள் உண்டு.

மார்கழியில் கல்யாணம் இல்லை. அந்த ஒரு மாதம்தான் அவர் மதியத்தில் தூங்குவார். போன வருஷத்து மார்கழித் தூக்கத்தைக் கெடுக்கத்தான் நவநீதகிருஷ்ணன் வந்து சேர்ந்தான். காரைக்குடியில் சுற்றுலாக் கம்பெனி நடத்துகிறவன், பேச்சில் வெண்ணெய்.

"அண்ணே, நார்வேக்குப் போறோம். வானத்துல பச்சையா வெளிச்சம் ஆடுமுல்ல, நார்தன் லைட்ஸ், அதப் போட்டோ எடுக்கச் சொல்லிக் குடுக்குற டூரு. பன்னெண்டு பேரு, எல்லாம் நம்ம செட்டியார் வீட்டு ஆளுக. கேமரா ஒண்ணொண்ணும் கார் வெலயில வச்சிருக்காக. அங்குட்டுச் சோறு கெடைக்காது. நீங்க வந்தாத்தான் நடக்கும்."

சின்னச்சாமியின் மனைவி அழகி உலையைக்கூடக் கவனிக்காமல் வெளியே வந்தாள். "அம்புட்டுக் குளிர்ல இவுக என்ன செய்வாக? ஐஸ் தண்ணி குடிச்சாலே மூணு நாளு இருமுவாக."

ஆனால் சின்னச்சாமிக்கு ஆசை வந்துவிட்டது. சிங்கப்பூரில் ஒரு மணிவிழாவுக்குச் சமைக்கப் போன பாஸ்போர்ட் பெட்டியில் இருந்தது. நாற்பத்தொன்பது வயது வரைக்கும் எங்கே போனாலும் அடுப்பையும் அண்டாவையும்தான் பார்த்திருக்கிறார். வானத்தைப் பார்க்க ஒரு மனுஷனுக்கு ஆசை வருவது குற்றமா? போய் வந்தால் சொல்ல ஒரு கதை இருக்கும் என்று நினைத்தார். கதை இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. சொல்லத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

வானம் இருட்டாக இருக்க வேண்டும் என்று அமாவாசையை ஒட்டித் தேதி குறித்துவிட்டான் நவநீதன். டிக்கெட் எல்லாம் போட்ட பிறகுதான் அந்தப் பன்னிரண்டு பேரில் பெரியவரான இராமநாதன் செட்டியார் காலண்டரைப் பார்த்தார். அந்த வாரத்திலேயே பிள்ளையார் நோன்பு வந்து உட்கார்ந்திருந்தது. புதுக் கோடி வேட்டியிலிருந்து இருபத்தொரு நூலை இழுத்துத் திரியாக்கி, மாவும் வெல்லமும் நெய்யும் பிசைந்த உருண்டையில் பதித்து, ஏற்றி, எரிகிற திரியோடு வாயில் போட்டுக்கொள்கிற நோன்பு. இழை எடுத்துக்கொள்வது என்பார்கள். ஊரை விட்டு எங்கே இருந்தாலும் நகரத்தார் அதை விடமாட்டார்கள்.

"பர்மாவுல எடுத்தாக, மலேயாவுல எடுத்தாக. நாம நார்வேயில எடுப்போம்," என்றார் இராமநாதன். அதைச் சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டு வெள்ளித் தட்டையும் வெள்ளிப் பிள்ளையாரையும் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

நார்வேயின் வட கோடியில் ஒரு சின்ன ஊர். மார்கழி முழுக்க அங்கே சூரியன் எழுவதில்லை. மதியம் கொஞ்சநேரம் நீலமாக வெளுக்கும், அப்புறம் பழையபடி இருட்டு. முதல் நாள் வழிகாட்டிப் பெண் எல்லாரையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள். கேமராவை எப்படி நிறுத்த வேண்டும், எத்தனை விநாடி திறந்து வைக்க வேண்டும் என்று சொன்னாள். பேட்டரிக்குக் குளிர் ஆகாது, சட்டைக்குள்ளே உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். லென்ஸில் பனி படியாமல் இருக்கச் சூடு கொடுக்கிற சின்னப் பொட்டலங்களைச் சுற்றிக் கட்டச் சொன்னாள். கையைப் பற்றியும் சொன்னாள், அதுவும் விரிவாகவே சொன்னாள். எல்லாம் இங்கிலீஷில். நவநீதன் கடைசியில் சின்னச்சாமி பக்கம் திரும்பி, "வெளிய போனா கையுறையைக் கழட்டாதீகண்ணே," என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். உறைந்துபோன கையை நெருப்பில் காட்டக் கூடாது என்று அவள் சொன்னது அந்த ஒரு வரிக்குள் அடங்கவில்லை.

நான்கு நாள் நன்றாகத்தான் போயிற்று. ஹோட்டல்காரர் ஒரு மூலை அடுப்பை விட்டுக்கொடுத்தார். சின்னச்சாமி இட்லியும் மிளகுக் குழம்பும் போட்டார், பணியாரம் சுட்டார். வானம்தான் மூடியே கிடந்தது. பன்னிரண்டு பேரும் தினமும் கேமராவைத் துடைத்துத் துடைத்து வைத்தார்கள்.

ஐந்தாம் நாள் நோன்பு. ஹோட்டலுக்குள் திரி கொளுத்தினால் புகை மணி அடிக்கும், எல்லாரையும் தெருவில் நிறுத்திவிடுவார்கள் என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, படம் எடுக்கப் போகிற ஏரிக்கரையிலேயே இழையை எடுத்துக்கொள்வோம் என்று முடிவானது. சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி போய் நின்றது. ஏரி முழுக்க உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. வண்டியில் இருந்த கருவி மைனஸ் இருபத்தெட்டு என்று காட்டியது.

நெய் கல்லாகியிருந்தது. ஹோட்டலிலேயே பிசைந்து எடுத்துவந்த மாவும் இறுகிவிட்டது. திரி உள்ளே இறங்கவில்லை.

"கொஞ்சம் வெந்நி தெளிச்சுப் பெசஞ்சாச் சரியாப் போகும்யா," என்றார் சின்னச்சாமி. பிளாஸ்கைத் திறந்தார்.

இராமநாதன் அவர் கையைப் பார்த்தார். "உறையோட தொடாத சின்னச்சாமி. அது தோலு. நோம்பு மாவுல தோலு படக் கூடாது."

சின்னச்சாமிக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவரே கழற்றத்தான் போனார். உறையோடு மாவு பிசைகிறவனைச் சமையல்காரன் என்று யார் சொல்வார்கள்? ஈரக் கையோடு, உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து பிசைந்து பதின்மூன்று உருண்டை பிடித்து வெள்ளித் தட்டில் அடுக்கினார். பன்னிரண்டு அவர்களுக்கு, ஒன்று பிள்ளையாருக்கு. "உனக்கும் ஒண்ணு புடி," என்றார் செட்டியார். நல்ல மனுஷர்தான். பதினான்கு பிடித்தார்.

கண்ணாடிக் கூண்டு விளக்கை நடுவே வைத்து, தட்டை இரண்டு கையாலும் தூக்கி நின்றார். செட்டியார் முதல் திரியை ஏற்றக் குனிந்தபோது வழிகாட்டிப் பெண் கத்தினாள்.

வானம் கிழக்கிலிருந்து மேற்குவரை பச்சையாகப் பிளந்திருந்தது. பிளந்த இடம் ஆடியது, மடங்கியது, ஓரத்தில் சிவப்புக் கட்டிக்கொண்டு தலைக்கு மேலே வந்து இறங்கியது. பன்னிரண்டு பேரும் கேமராவை நோக்கி ஓடினார்கள். நான்கு நாள் காத்திருந்தவர்கள், ஓடாமல் என்ன செய்வார்கள்?

"புடிச்சுக்க சின்னச்சாமி, கீழ வச்சிராத. இந்தா வந்துர்றேன்," என்று சொல்லிக்கொண்டே இராமநாதனும் ஓடினார்.

நோன்புத் தட்டைத் தரையில் வைக்கிற வழக்கம் இல்லை. வண்டி பூட்டியிருந்தது, சாவி நவநீதனிடம், நவநீதன் எங்கேயோ இருட்டில். சின்னச்சாமி நின்றார். அவரும் வானத்தைப் பார்த்தார். பொய் சொல்லக் கூடாது, அந்த முதல் ஐந்து நிமிஷம் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அழகியைக் கூட்டி வந்திருக்கலாம் என்றுகூட நினைத்தார். விரல்கள் ஊசி குத்துவது போல வலித்தன. நெருப்பில் சுட்ட கைக்கு இது என்ன பெரிய வலி என்று பல்லைக் கடித்தார்.

அந்த நேரம்தான் செட்டியாரின் மகள் தீக்ஷா திரும்பிப் பார்த்தாள். பெங்களூரில் வேலை பார்க்கிற பெண். பச்சை வானத்தின் கீழே, விளக்கு வெளிச்சம் முகத்தில் விழ, வெள்ளித் தட்டோடு நிற்கிற ஒரு ஆள். கேமரா வைத்திருக்கிற யாரும் அதை விட்டுவிட மாட்டார்கள்.

"சின்னச்சாமிண்ணே, அப்படியே நில்லுங்க! அசையாதீக, பதினஞ்சு செகண்டு!"

அவர் அசையவில்லை. ஒன்று எடுத்தாள். விளக்குச் சுடர் ஆடிவிட்டது, இன்னொன்று. முகத்தைக் கொஞ்சம் தூக்குங்கண்ணே, இன்னொன்று. பேட்டரி குளிரில் செத்துவிட்டது. சட்டைக்குள்ளிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டாள். அண்ணே, அப்படியே. நடுவில் எப்போதோ வலி நின்றுபோயிற்று. கை பழகிவிட்டது என்று நினைத்து சின்னச்சாமி நிம்மதியானார். ஈரக் கை வெள்ளியோடு ஒட்டி மரத்துப் போயிருந்தது. பேட்டரிக்கு உடம்புச் சூடு கிடைத்தது, லென்ஸுக்குப் பொட்டலம் கிடைத்தது. அந்த ஏரிக்கரையில் ஒன்றும் கிடைக்காமல் நின்றது அந்த ஆளின் பத்து விரல்தான்.

முக்கால் மணி நேரம் கழித்து வெளிச்சம் மங்கியது. எல்லாரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். இழை ஏற்றினார்கள், ஒவ்வொருவராக வாயில் போட்டுக்கொண்டார்கள். சின்னச்சாமியின் முறை வந்தபோது அவரால் உருண்டையைப் பிடிக்க முடியவில்லை. தட்டை வாங்கியபோது உள்ளங்கைத் தோல் ஒரு துண்டு தட்டோடு போனது. அந்த இருட்டில் அதை யாரும் கவனிக்கவில்லை. செட்டியாரே உருண்டையை அவர் வாயில் போட்டார். "மகராசனா இரு," என்றார்.

ஹோட்டலுக்கு வந்ததும் சின்னச்சாமி நேரே அடுப்புக்குப் போனார். முப்பது வருஷமாகக் குளிர் என்றாலும் மழை என்றாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். நெருப்பைக் கூட்டி அதன் மேலேயே கையைக் காட்டினார். சூடு உறைக்கவில்லை, இன்னும் கிட்டே கொண்டுபோனார். கறி தீய்கிற வாடை வந்தது. அடுப்பில் எதுவும் இல்லையே என்று சுற்றிலும் தேடினார். உள்ளே வந்த வழிகாட்டிப் பெண் அலறிய பிறகுதான் வாடை எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி, ஊசி, கட்டு. மதுரையில் மறுபடியும் ஆஸ்பத்திரி. விரல்கள் கறுத்துச் சுருங்கின. செத்தது எது பிழைத்தது எது என்று தானாகப் பிரியட்டும் என்று டாக்டர் காத்திருக்கச் சொன்னார். அப்படிக் காத்திருப்பது போலக் கொடுமை உலகத்தில் வேறில்லை. தை முழுக்க அவர் தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாசியில் வலது கையில் நான்கையும் இடது கையில் மூன்றையும் எடுத்தார்கள். பாகு பார்க்கிற இரண்டு விரலில் கட்டைவிரல் தப்பியது. அது தனியாக எதைப் பிரித்துப் பார்க்கும்?

ஊரில் கதை எப்படிப் பரவியது என்றால், "சின்னச்சாமி குளிர் தாங்காம அடுப்புக்குள்ள கைய விட்டுட்டாராம்ல" என்றுதான். செட்டியார் செலவெல்லாம் பார்த்தார், கண்கலங்கினார். அவரும் அப்படித்தான் நம்பினார். நவநீதன் எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னான். டாக்டர் மட்டும் குளிரில்தான் முதலில் போயிருக்கிறது என்று சொன்னார். அதை யாரும் வெளியே எடுத்துப் போகவில்லை. சின்னச்சாமியும் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷம் அடுப்போடு வாழ்ந்தவன் அடுப்பில் கையை விட்டான் என்ற பேரைச் சுமந்துகொண்டு இருந்தார். தைக்கும் மாசிக்கும் கேட்டிருந்த கல்யாணங்கள் வேறு ஆளுக்குப் போயின.

பங்குனியில் ஒரு நாள் தீக்ஷாவும் செட்டியாரும் வந்தார்கள். அவள் கையில் கண்ணாடி போட்ட பெரிய படம். ஒரு போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்திருந்தது. கொடுக்கலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்ததாகச் சொன்னாள். "ஒங்க படம்ணே. ஒங்ககிட்ட இருக்கணும்னு தோணுச்சு."

அழகிதான் வாங்கிப் பார்த்தாள். வானம் பச்சை, ஏரி வெள்ளை, நடுவில் புருஷன்.

"அழகா இருக்காக," என்றாள். பிறகு படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "கையில உறை இல்லையே."

"நோம்புத் தட்டுல தோலு படக் கூடாதுல்ல," என்றார் செட்டியார்.

"இப்படியே எம்புட்டு நேரம் நின்னாக?"

தீக்ஷா பதில் சொல்ல வாயெடுத்தாள். எத்தனை படம், ஒவ்வொன்றும் எத்தனை விநாடி, நடுவில் பேட்டரி மாற்றியது எல்லாம் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள் போலிருக்கிறது. முகம் வெளுத்தது. செட்டியார் மகளைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். கீழே வைக்காதே என்று சொன்னது அவருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

"அண்ணே, ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டாள் தீக்ஷா.

"அசையாதீகன்னு சொன்னியேத்தா," என்றார் சின்னச்சாமி. குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அதைக் கேட்ட பெண் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

அவர்கள் போன பிறகு அழகி படத்தை உடைக்கத்தான் எடுத்தாள். "இங்குட்டுக் கொண்டா," என்றார் அவர். மடியில் வைத்துக்கொண்டார். வானத்தைப் பார்க்கவில்லை, தன் முகத்தையும் பார்க்கவில்லை. குட்டையாகிப்போன கையைப் படத்திலிருந்த தட்டின் ஓரத்தில் வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"பத்தும் இருக்கு பாரு அழகி," என்றார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பிறகு சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து அவருக்கு ஊட்டினாள்.