கையைத் தூக்கியபடி அம்மா

கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் நான் பார்க்கும் வேலையை அம்மாவிடம் விளக்க முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன். எங்கெங்கோ இருக்கும் கம்பெனிகளின் நெட்வொர்க் அறுபடாமல் ஓடுகிறதா என்று நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. "வாட்ச்மேன் வேலைண்ணு சொல்லு" என்று அம்மா முடித்துவிட்டாள்.

அப்பா போன பிறகு, பைக்கில் ஒன்றரை மணி நேரம் தள்ளியிருக்கும் பாறசாலை வீட்டில் அம்மா தனியாள். என்னோடு ஃபிளாட்டில் வந்து இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். சரியென்று முன்னறையில் ஒரு கேமரா வைத்தேன். அலுவலகத் திரையின் மூலையில், சின்னக் கட்டத்தில் அந்த அறை தெரியும். தினமும் பதினோரு மணிக்கு பிரஷர் மாத்திரையை விழுங்கிவிட்டு, கேமராவுக்கு முன்னால் நின்று வலது கையைத் தூக்கிக் காட்டுவாள். சாப்பிட்டாச்சு என்று அர்த்தம். அதைப் பார்த்தால் எனக்கு அன்றைய கவலை விட்டது. போன் செய்வதும் மெல்லக் குறைந்துபோனது.

இணைப்பு அவ்வப்போது ஓரிரு நிமிடம் விட்டுப்போகும். அப்போதெல்லாம் கட்டம் கறுத்துவிடும், நான் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், இணைப்பு போனாலும் கடைசியாக வந்த படமே நிற்கும்படி மாற்றி அமைத்தேன். ஐந்து நிமிட வேலை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்று ஐந்துக்குக் கட்டத்தைப் பார்த்தேன். அம்மா கையைத் தூக்கியிருந்தாள். நிம்மதியாக மீட்டிங்குக்குப் போனேன். பன்னிரண்டே முக்காலுக்கு வந்து உட்கார்ந்தால், அதே இடத்தில் அதே கையைத் தூக்கியபடி நிற்கிறாள். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஒன்றே முக்கால் மணி நேரமாகத் திரையில் இருந்தது வெறும் போட்டோ.

போன் செய்தேன், கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்குள் டவர் எட்டாது. அவள் போனும் வைஃபையை நம்பித்தான் ஓடுகிறது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடலாம் என்று தேடினேன். நம்பர் இல்லை. முப்பது வருஷமாக இரண்டு வீட்டுக்கும் ஒரே மதில். யார் யாருடைய சர்வர் எண்களோ எனக்கு மனப்பாடம், அந்த அக்காவின் எண்ணை ஒரு நாளும் கேட்டு வாங்கியதில்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீடு போய்ச் சேர இரண்டரை ஆகிவிட்டது. தெருமுனையில் தண்ணீர்க் குழாய் போடத் தோண்டியிருந்தார்கள். குழியின் ஓரத்தில் அறுந்த இன்டர்நெட் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா முன்னறைத் தரையில் கிடந்தாள். மாத்திரை டப்பாவை வைக்கத் திரும்பியபோது கால் வழுக்கியிருக்கிறது. இடது கால் கோணலாகத் திரும்பி, முட்டி வீங்கியிருந்தது. முழங்கையை நாற்காலியில் முட்டுக்கொடுத்து, வலது கையைக் கேமராவை நோக்கித் தூக்கி வைத்திருந்தாள். "அக்கா" என்று நான் போட்ட சத்தத்துக்கு, பக்கத்து வீட்டு அக்கா அரை நிமிடத்தில் ஓடி வந்தாள்.

"காலையில இருந்தே நான் முற்றத்துலதான் கொப்பரை காய வெச்சிட்டு இருக்கேன். ஒரு சத்தமும் கேக்கலியே" என்று அவள் திகைத்து நின்றாள்.

"அக்காவ ஒரு விளி விளிச்சிருக்கலாமேம்மா" என்றேன்.

"அவள எதுக்கு மக்ளே சங்கடப்படுத்தணும்? நீதான் பாத்துட்டே இருக்கியே" என்றாள் அம்மா. வலியில் உதடு வெளிறியிருந்தது, குரலில் மட்டும் என்மேல் குறை எதுவும் இல்லை. "நீ பாத்த உடனே கெளம்பியிருப்பேண்ணு தெரியும். கைய காட்டிட்டே கெடந்தேன்."

அக்கா ஆம்புலன்சுக்குச் சொல்ல வெளியே ஓடினாள். நான் தரையில் உட்கார்ந்து அம்மாவின் கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அது மரத்துப்போயிருந்தது.

"வரத்தான் இத்திரி தாமசம் ஆச்சு. பைபாஸ்ல வண்டியெல்லாம் நல்ல பிளாக்கா மக்ளே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, நல்ல பிளாக்" என்றேன்.