ஒரு இஞ்ச் விடாமல் அடித்த பெயின்ட்

பால்கோவா கடையின் அடுப்படியை விட்டு வெளியேறி, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. முதலாளி நல்ல மனுஷர். காலை முதல் சாயங்காலம் வரை ஒரே வாணலியில் பாலைக் கிண்டிக்கொண்டே இருந்தால் எனக்குள் ஏதோ ஒரு நட்டு கழன்றுவிடுகிறது, அவ்வளவுதான். உடம்பெல்லாம் சுண்டிய பால் வாசனை. தெருநாய் ஒன்று கடைவாசலிலிருந்தே கூட வந்தது. நான் ஒரு வேலையை விட்டதற்காக வருத்தப்பட்டு வழியனுப்ப வந்த முதல் ஜீவன் அதுதான்.

தேரடிக்கு முன்னால் அந்தச் சத்தம் கேட்டது. 'டக்'. சற்று விட்டு இன்னொரு 'டக்'. சிமென்ட் மூட்டை ஏற்றிய ஒரு மினி டிராக்டர் நடுரோட்டில் நின்றுவிட்டது. ஓட்டுநர் சாவியைத் திருகத் திருக, ஸ்டார்ட்டர் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது. பின்னால் வந்த மதுரை பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். வண்டி உறுமி, டீசல் புகையை முகத்தில் அடித்துவிட்டுப் போயிற்று. புகை கலைவதற்குள் எனக்கு குருவையா அண்ணாச்சியின் ஞாபகம் வந்துவிட்டது.

அவரை முதலில் பார்த்த அன்றும் நான் நடந்துகொண்டுதான் இருந்தேன். ராஜபாளையத்தில் ஒரு பேட்டரிக் கடையை விட்டுவிட்டு, தெற்கே போகிற ரோட்டில், பஸ்ஸுக்குக் கை காட்டலாமா வேண்டாமா என்ற யோசனையோடு நடை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு பேண்டேஜ் துணித் தறி, மாங்காய் மண்டி, லாரி கிளீனர் என்று ஒரு சுற்று வந்து, கடைசியாக ஒதுங்கிய இடம் அந்தக் கடை. இரவில் பழைய பேட்டரிகளுக்கு நடுவே சாக்கை விரித்துப் படுப்பேன். ஆசிட் தெறித்துச் சட்டையெல்லாம் பொத்தல். கொசு நுழைவதற்குத் தனி வாசல் தேவைப்படாது.

அந்தக் கடையில் நான் கற்றுக்கொண்டவை கொஞ்சம்தான். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, டெர்மினலில் பூக்கிற பச்சையைச் சுரண்டுவது, எதுவும் புரியாவிட்டால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு "ஆல்டர்னேட்டர் போச்சு" என்று சொல்வது. எஞ்சின் ஓடும்போது பெல்ட்டில் சுழன்று, பேட்டரிக்குக் கரண்ட் ஊட்டுகிற உருண்டைதான் ஆல்டர்னேட்டர். அதன்மேல் பழியைப் போட்டால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

சோழபுரம் பக்கம் ஒரு கிணற்றுமேட்டில், கணவனும் மனைவியுமாக ஒரு மினி டிராக்டரைச் சரிவில் உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்த் தோள் கொடுத்தேன். வண்டி இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. அணைக்காமல் அப்படியே விட்டு வைத்தார்கள்; அணைத்தால் மறுபடி மேட்டில் ஏற்ற ஆள் பிடிக்க வேண்டும். அப்படி ஒரு வண்டியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உடம்பு முழுக்க நீலம், சக்கர வட்டு மஞ்சள், போல்ட்டின் தலைக்குத் தலை சிவப்பு. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் புதிதாகத் தொங்கின. பெயின்ட் அடித்தவர் அந்தக் கணவர், குருவையா அண்ணாச்சியேதான். சுவருக்கு வெள்ளையடிப்பவர். வீட்டில் உலக்கையைக்கூட விட்டுவைக்காமல் வர்ணம் பூசியவர் என்பது பிறகு தெரிந்தது.

என் தோள்பையில் எட்டிப் பார்த்த, கரண்ட் பார்க்கிற மீட்டரைக் கண்டதும் அவர் மனைவி முத்துலட்சுமி அக்காவுக்கு உயிர் வந்தது.

"தம்பி, கரண்ட்டு வேலை தெரியுமா? செத்த நேரம் பாத்துட்டுப் போங்க."

நான் பையைக் கீழே வைப்பதற்குள் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். நூல் மில்லில் வேலை பார்த்தவர். பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி, படுத்தால் மூச்சு விட முடியாமல் போகவே வேலையை விட்டுவிட்டு இந்த வண்டியை வாங்கியிருக்கிறார். தென்னைக்கு நடுவிலும் பருத்திச் சாலுக்கு நடுவிலும் பெரிய டிராக்டர் நுழையாது, இது நுழையும். மழை பெய்து ஈரம் சரியாக இருக்கிற நேரம், நாலு தோட்டத்துக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். வண்டியோ ராத்திரி நின்றால் காலையில் எழுந்திருப்பதில்லை. பேட்டரியைப் புதிதாக மாற்றியும் அதே கதை. தோட்டத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு நடுவில் மில் சூப்பர்வைசரும் ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்: ஓர் இடம் காலியாக இருக்கிறது, மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்தால் வரலாம், இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

இதைச் சொல்லும்போதே இருமினார். இருமி முடித்து, "இது ஒண்ணுமில்ல, பழைய இருமல்" என்றார்.

கடையில் பார்த்த தோரணையோடு கேட்டேன், எப்போதிருந்து இப்படி என்று. ஆயுத பூஜை முடிந்த மறுநாளிலிருந்து என்றார்கள் இருவரும். அந்தப் பதில் என் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறியது. மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரிலும் கறுப்பு முனையை எஞ்சின் உடம்பிலும் வைத்தேன். எஞ்சின் ஓடும்போது பதினாலு வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். சைபர். இன்னோர் இடத்தில் வைத்தேன். சைபர். முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

"ஆல்டர்னேட்டர் போச்சுக்கா."

அக்கா வரப்பில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த சேற்றை ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "காலையில ஷிப்டுக்குப் போறேன். வண்டிய வந்த விலைக்குக் குடுத்துருவோம்" என்றார்.

குருவையா அண்ணாச்சிக்கு அது தாங்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து மட்கார்டைத் தடவினார்.

"கண்ணு பட்டுருச்சு தம்பி. பூசைக்கு முன்ன நட்டு போல்ட்டு வயரு பட்டை அம்புட்டையும் கழத்தி, ரெண்டு கோட்டு அடிச்சேன். ஒரு இஞ்ச் விடல பாத்துக்கிடுங்க. இந்தப் பக்கம் போறவன் வாறவனெல்லாம் நின்னு பாத்தான்."

"எம்புட்டு அழகா இருந்து என்னத்துக்கு? உருட்டிவிட ஆள் தேடுறதுக்கா?" என்றார் அக்கா.

நான் அண்ணாச்சியின் முகத்தையும் என் கையிலிருந்த கறுப்பு முனையையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு இஞ்ச் விடவில்லை. அப்படியென்றால் இவ்வளவு நேரமும் நான் முனையை வைத்திருந்தது இரும்பின்மேல் அல்ல, பெயின்ட்டின்மேல். பெயின்ட்டில் கரண்ட் போகாது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து எஞ்சின் ஓரத்தில் நகத்தளவு சுரண்டினேன். அண்ணாச்சி தன்னைச் சுரண்டியதுபோல் 'ஸ்ஸ்' என்றார். முனையை அங்கே வைத்ததும் மீட்டர் பதினாலைத் தாண்டி நின்றது.

ஆல்டர்னேட்டருக்கு ஒரு குறையும் இல்லை. கரண்ட்டை அது உண்டாக்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பேட்டரிக்குப் போய்ச் சேர வழிதான் இல்லை. பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு பின்னல் பட்டை வந்து வண்டியின் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். எர்த் என்பார்கள். போன கரண்ட் திரும்பி வர அதுதான் பாதை. அண்ணாச்சி அந்தப் பட்டையையும் கழற்றி, அது உட்காரும் இடத்துக்கும் பக்தியோடு ரெண்டு கோட் நீலம் அடித்து, காய்ந்ததும் அதன்மேலேயே முடுக்கியிருக்கிறார். போல்ட்டின் மரை வழியாகக் கசிந்த கொஞ்சநஞ்சக் கரண்ட்டில்தான் வண்டி இத்தனை நாளும் காலம் தள்ளியிருக்கிறது.

பட்டையைக் கழற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அக்கா எழுந்து வந்தார். அண்ணாச்சிக்கு மனசு ஆறவில்லை. பூசைக்கு அடித்த பெயின்ட், அதைச் சுரண்டுவது நல்லதா என்று இழுத்தார். அவரைப் பொறுத்தவரை அது வெறும் வர்ணம் இல்லை. மனைவி நம்பி வாங்கிய வண்டிக்கு அவரால் செய்ய முடிந்த ஒரே காரியம்.

"சாமி கோவிச்சா நான் பேசிக்கிடுறேன். நீங்க சுரண்டுங்க தம்பி" என்றார் அக்கா.

அண்ணாச்சி என் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டார். "தள்ளுங்க. அடிச்சவனே சுரண்டுதேன்." குத்தவைத்து உட்கார்ந்து, வெறும் இரும்பு தெரிகிறவரை சுரண்டினார். அதிலும் வேலை சுத்தம். பட்டை உட்காரும் வட்டத்துக்கு வெளியே ஒரு கீறல் இல்லை.

முடுக்கி, எஞ்சினை வெகுநேரம் ஓடவிட்டு அணைத்தோம். அக்கா ஏறி உட்கார்ந்தார். சாவியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். மறுபடி தொட்டுத் திருகினார். வண்டி ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. அணைத்தார், மறுபடி போட்டார். மறுபடியும் பிடித்தது. மூன்றாவது முறை, "ஏட்டி, பேட்டரிய எறக்கிறாத" என்று அண்ணாச்சி கத்த வேண்டியதாயிற்று.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும். சாப்பிடும்போதே அக்கா இரண்டு தோட்டத்துக்காரர்களைப் போனில் கூப்பிட்டுக் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டார். சூப்பர்வைசரைக் கூப்பிட மட்டும் அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. இடம் பிடித்து வைத்த மனுஷன், போனில் சொன்னால் கோபித்துக்கொள்வார். எப்படியும் நீங்கள் அந்த வழியாகத்தானே போவீர்கள், நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார். நான் எந்த வழியாகப் போவேன் என்று எனக்கே தெரியாது. சரி என்றேன்.

அந்த மில் இன்று இல்லை. மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, சங்கு ஊதிய இடத்தில் கலர் கல் நட்டு பிளாட் போட்டிருக்கிறார்கள். ஷிப்ட் விட்டதும் தலையில் பஞ்சோடு சைக்கிளில் ரோட்டை அடைத்துக்கொண்டு போகிற கூட்டமும் இல்லை. போன மாதம் அந்த வழியாகப் போனபோது கேட் எந்த இடத்தில் இருந்தது என்றே பிடிபடவில்லை.

அந்தக் கேட்டில்தான் மறுநாள் காலை போய் நின்றேன். முத்துலட்சுமி அக்கா வரமாட்டார், டிராக்டர் சரியாகிவிட்டது என்றேன். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே மெஷின்கள் ஓடத் தொடங்கியிருந்தன. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவிய வரலேன்னா மெஷின் நிக்குமா? நீ என்ன சோலி பாக்க?"

இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றேன். மீட்டர் பையை வாட்ச்மேனிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டு, துண்டை மூக்குக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.