வரப்பில் பிடித்த குடை

அம்மையார்குப்பத்து லுங்கிகளை சைக்கிளில் கட்டிக்கொண்டு கே.ஜி.கண்டிகைப் பக்கம் விற்கப் போன காலத்தில்தான் அவரைப் பார்த்தேன். கறுத்து ஒடுங்கிய உடம்பு, தலையில் துண்டுகூட இல்லை. கையில் குடை இருந்தும் தான் வெயிலில் நின்றுகொண்டு, வயல் வரப்போரத்தில் வெறும் மண்ணுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். தினமும் மத்தியானம் அப்படித்தானாம்.

"இன்னா பாவா, மண்ணுக்கா வெயில் அடிக்குது?" என்றேன் கிண்டலாக.

"இங்க ஒரு புங்க மரம் இருந்துச்சு நைனா. அது கீழதான் எம்பொண்ணப் பொதச்சோம், மூணு வயசுல. இப்ப வந்துருக்குதே குட்ட நெல்லு, அது எலையெல்லாம் நிமித்திகினு வெயிலத் துன்னுதான் மணி புடிக்குது. மர நெழல் வுழுந்த எடமெல்லாம் பதராப் பூடுச்சு. ஊட்ல இன்னும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க, துன்னணுமே. வெட்டிட்டேன்."

"அப்புறம் வெளைஞ்சுதா?"

"ஆங், நல்லாத்தான் வெளையுது" என்றவர், சூரியன் சாய்வதைப் பார்த்து ஓரடி நகர்ந்து குடையைத் திருப்பினார். "இந்த நெழலு நெல்லு மேல வுழக்கூடாது பாரு."

அப்புறம் அந்த வழியாக நான் போகவில்லை. ஆனாலும் உச்சி வெயிலில் குடை விரிக்கும்போதெல்லாம், கீழே யாரோ படுத்திருப்பதுபோல் தரையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன்.