உளவாளியின் மணிக்கட்டை வெட்டியவர்கள்

படம் அறுந்தால் ஆப்பரேட்டரை ஏசலாம் என்பது பதுளையில் யாரும் எழுதிவைக்காத சட்டம். திரையில் வெள்ளை விழுந்த மறுகணம் திரைக்கு அருகில் உள்ள மலிவு டிக்கெட் கலரியிலிருந்து விசில் கிளம்பும். பிறகு ஆப்பரேட்டரின் தாய், தமக்கை, அவருடைய ஏழு தலைமுறை எல்லாரும் வரிசையாகத் தெருவுக்கு இழுக்கப்படுவார்கள். வீரய்யா பதினொரு வருடம் அந்த ஏச்சைக் கேட்டவர். மெஷின் விளக்கின் கார்பன் குச்சி அணைந்தாலும் கேட்டார், கரண்ட் போனாலும் கேட்டார். அதெல்லாம் அவருக்கு மழையில் நனைவது மாதிரி, கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் அறுபத்தொன்பதாம் வருடம் அந்த வெள்ளைக்கார உளவாளிப் படம் ஓடிய மூன்று வாரமும் அவர் கேட்ட ஏச்சு வேறு. அது காயவில்லை.

ஏன் காயவில்லை என்று தெரிய வேண்டுமானால் அவருடைய அப்பா முருகையாவைச் சொல்ல வேண்டும். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலை ஸ்டோரில் சல்லடை போடுகிற வேலை அவருக்கு. ஒருநாள் வேட்டி மடிப்பில் ஒரு பிடி தூள் இருந்தது என்று பிடித்தார்கள். தூளுக்குள்ளேயே நின்று வேலை செய்கிறவன் மடியில் தூள் இல்லாமல் சந்தனமா இருக்கும்? அதைக் கேட்க ஒரு நாதி இல்லை. மறுநாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டில், வேலைக்கு வந்த அத்தனை ஆட்கள் முன்னாலும், கணக்கப்பிள்ளை “களவாணிப் பயலே” என்று கூப்பிட்டு வேலை நீக்கச் சீட்டைக் கையில் கொடுத்தார். அதே கூட்டத்தில் வீரய்யாவும் பேர் பதிந்த ஆளாக நின்றுகொண்டிருந்தார். அப்பா வாயைத் திறக்கவே இல்லை. சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு நடந்தார். அந்த வாய் திறக்காமைதான் வீரய்யாவால் கடைசிவரை மன்னிக்க முடியாத விஷயம். தூளை எடுத்தாரா இல்லையா என்பதல்ல, ஏன் பேசாமல் போனார்?

பிறகு குடும்பம் பதுளைக்கு வந்தது. வீரய்யா ஜௌபர் முதலாளியின் தியேட்டரில் போஸ்டர் ஒட்டி, மெஷின் துடைத்து, கடைசியில் ஆப்பரேட்டர் ஆனார். கையில் கடிகாரம் கட்டியது கிடையாது. அவருக்கு நேரம் எல்லாம் ரீல் கணக்குத்தான். சோறு ஆக நேரமாகும் என்றால் மனைவி ரெங்கம்மாவும் “ரெண்டு ரீல் பொறுத்துக்கங்க” என்றுதான் சொல்வார்.

கடிகாரம் கட்டியவர்கள் பால்கனியில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர். வழக்கறிஞரான புரொக்டர் நல்லையா, பக்கத்துத் தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத்துரை, புடைவைக்கடை றஹீம் ஹாஜியார். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. நல்ல கடிகாரம் ஒன்றை வாங்க வழியில்லாததால் பார்த்தாவது ஆற வேண்டும் என்று மூவருக்கும் ஒரே நோய். உளவாளிப் படத்தில் ஓர் இடம் வருகிறது. குண்டு வெடிக்க எத்தனை நிமிடம் இருக்கிறது என்று பார்ப்பதற்காக உளவாளி சட்டைக் கையை ஒதுக்குகிறான். திரை முழுக்க மணிக்கட்டும் கடிகாரமும் மட்டும், ஆறு நொடி. அந்த ஆறு நொடிக்காக மூவரும் ஞாயிறு தவறாமல் மெட்னிப் பகல் காட்சிக்கு வந்தார்கள். ரோலெக்ஸ் என்றார் ஒருவர், ஒமேகா என்றார் மற்றவர். கடலுக்கடியில் அறுநூறு அடிக்குப் போகும், மாதத்துக்கு ஒரு நொடி பிசகாது என்று அதைத் தொட்டுக்கூடப் பார்க்காத சின்னத்துரை சத்தியம் செய்தார். நாட்டில் வேறு தலைபோகிற விஷயமே இல்லாத மாதிரி இந்தப் பேச்சு.

முதல் ஞாயிறு மெட்னி முடிந்ததும் மூவரும் ஜௌபர் முதலாளியையும் கூட்டிக்கொண்டு ஆப்பரேட்டர் அறைக்கே ஏறி வந்துவிட்டார்கள்.

“வீரய்யா, அந்தக் கை வர்ற எடத்துல படத்த நிப்பாட்டு. நாங்க நல்லாப் பாக்கணும்” என்றார் சின்னத்துரை.

“நிப்பாட்ட முடியாதுங்க தொரை. கார்பன் சூட்டுக்கு முன்னால நின்னா பிலிம் பொசுங்கிரும்.”

“அப்ப ஒரு துண்டை வெட்டித் தா. லென்ஸ் வைச்சுப் பாப்பம்” என்றார் புரொக்டர்.

“அது கொழும்புக் கம்பெனிப் பிலிமுங்க ஐயா. வெட்டக் கூடாது.”

ஜௌபர் முதலாளி வீரய்யாவின் தோளில் கை போட்டார். அந்தக் கை விழுந்தால் வில்லங்கம் என்று வீரய்யாவுக்குத் தெரியும். “கண்ண மூடித் தொறக்க முந்தி ஓடிப் போற ஒரு துண்டு. ஆருக்கு வெளங்கப் போகுது? வெட்டிக் குடு. கம்பெனிக்காரன் கேட்டா நான் பதில் செல்றன்.”

வெட்டிக் கொடுத்தார். பார்த்துவிட்டுத் தருவார்கள், திரும்ப ஒட்டிவிடலாம் என்று கத்தரியையும் பசையையும் எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். துண்டு சின்னத்துரையின் பர்சுக்குள் போனது. புரொக்டருக்கு ஒன்று, ஹாஜியாருக்கு ஒன்று. அடுத்த ஞாயிறு, முள் தெளிவாக இல்லை, வேறு இடத்தில் வெட்டு என்றார்கள். அதற்கடுத்த ஞாயிறு, கிளப்பில் நண்பர்களுக்குக் காட்ட ஆளுக்கு ஒரு முழ நீளம் வேண்டும் என்றார்கள். ஒரு நொடிக்கு இருபத்துநான்கு துண்டு ஓடுகிறது. ஆறு நொடியில் மூன்றாம் வாரம் மிச்சம் இருந்தது ஒன்றரை நொடி.

முதல் வெட்டிலிருந்தே படம் அந்த இடத்தில் துள்ளியது, வாரத்துக்கு வாரம் துள்ளல் கூடியது; கடைசியில் உளவாளி சட்டைக் கையைத் தொடுவான், அடுத்த கணம் கடலுக்குள் கிடப்பான். ஏன் குதித்தான், எப்போது குதித்தான் என்று கலரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பத்து மைல் நடந்தும் பஸ் பிடித்தும் தோட்டங்களிலிருந்து வந்த சனம், கொடுத்த காசுக்குக் கத்தியது. “டேய் ஆப்பரேட்டர், பிலிம வெட்டி வித்துட்டியாடா? களவாணி!”

அந்தச் சொல் அறைக்குள் வந்து விழுந்தபோது வீரய்யா குனிந்து கீழே பார்த்தார். பால்கனியில் மூவரும் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கும் துவாரம் வழியாக அவர்களுடைய பிடரிகள் தெரிந்தன. எட்டி ஒன்று வைத்தால் என்ன என்று தோன்றியது.

ஒரு சனிக்கிழமை ரெங்கம்மா தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு கலரிக்கு வந்திருந்தார். வீடு திரும்பியவர் சட்டியைப் போட்ட சத்தத்திலேயே வீரய்யாவுக்கு விஷயம் புரிந்தது.

“ஒங்களக் களவாணிங்குறாங்க. நம்ம தோட்டத்து ஆளுங்களே சொல்றாங்க. தங்கச்சி முன்னால எனக்கு மூஞ்ச எங்க வச்சிக்கிறதுன்னு தெரியல.”

“நான் எடுக்கல. மொதலாளி சொல்லித்தான் வெட்டுனேன். அவங்கதான் வச்சிருக்காங்க.”

“அத எங்கிட்ட சொல்லி என்னாவப் போகுது? ஏசுனவங்ககிட்ட சொல்லுங்க. வாய் இல்லியா ஒங்களுக்கு?”

வீரய்யா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ரெங்கம்மா மேல் கோபம் இல்லை. வாய் இல்லையா என்று அவரே அப்பாவைப் பார்த்து எத்தனை வருடம் மனதுக்குள் கேட்டிருக்கிறார்!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மெட்னிக்கு முன்னால், கொழும்புக் கம்பெனி ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். பண்டாரவளைக்குப் படம் போக வேண்டும், அதற்கு முன் சோதிக்க வந்தாராம். ரீலைக் கையில் ஓட்டிப் பார்த்தவர் அந்த இடத்தில் ஒட்டுக்குமேல் ஒட்டு இருப்பதைக் கண்டுபிடித்தார். வீரய்யாவை முதலாளியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மூவரும் அங்கேதான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“கம்பெனிக்காரன் கேட்டா நான் பதில் செல்றன்” என்ற ஜௌபர் முதலாளி பதில் சொன்னார். “ஆப்பரேட்டர்ர வேல. எனக்கு ஒண்டும் தெரியா.”

மேசையில் ஒரு கடிதம் இருந்தது. படச்சுருளைத் திருடி விற்றதாகவும், தன்னை மன்னிக்க வேண்டுமென்றும் வீரய்யா கேட்டுக்கொள்கிற கடிதம். எழுதியது புரொக்டர் நல்லையா. சட்டைப் பையில் அதே படத்தின் துண்டுகளை வைத்துக்கொண்டு, கை கூசாமல், எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தார்.

“கையெழுத்தைப் போடு. பொலிசுக்குப் போகாமல் நாங்கள் பாத்துக்கொள்ளுவம்” என்றார் பெரிய மனது பண்ணி.

வீரய்யா கடிதத்தைப் பார்த்தார். பெரட்டு மைதானமும் அப்பாவின் மடங்கிய சீட்டும் கண்முன் வந்தன. கையெழுத்துப் போட்டால் இனி எந்த ஊரிலும் மெஷினைத் தொட விடமாட்டார்கள். அதைவிட, ரெங்கம்மா கேட்ட சொல் உண்மையாகிவிடும். அவர் திட்டம் போட்டுப் பேசவில்லை. மூன்று வாரமாகத் தொண்டையில் கிடந்தது தானாக வெடித்தது.

“போட மாட்டேன்! தூக்குல போட்டாலும் போட மாட்டேன்! மாசத்துக்கு ஒரு நொடி பிசகாதுன்னு மூணு வாரமாக் கொண்டாடுறீங்களே, அந்தக் கடிகாரம் ஓடவே இல்லங்க. செத்த கடிகாரம். ஓடாத ஒண்ணுக்காக என்னையக் களவாணியாக்குறீங்களா?”

திருட்டை மறந்துபோய் சின்னத்துரை நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “என்ன ஒளர்ற? ஒனக்கு என்ன தெரியும் வாட்சப் பத்தி?”

“வாட்சப் பத்தித் தெரியாது. பிலிமப் பத்தித் தெரியும். வெட்டி ஒட்டுறப்ப அந்தக் கை வர்ற எடத்தோட மொதத் துண்டும் கடைசித் துண்டும் என் கையில பக்கத்துல பக்கத்துல கெடந்துச்சு. ஆறு நொடி ஓடுனா நொடி முள்ளு ஆறு கோடு நகரணும். ஒரு மயிரளவு நகரல. நீங்களே வச்சுப் பாருங்க!”

பார்க்காமல் இருக்க அவர்களால் முடியுமா? சின்னத்துரை பர்சைத் திறந்து முதல் துண்டை எடுத்தார். “கடசித் துண்டு எங்கிட்ட ஈக்கி” என்று ஹாஜியார் தொப்பியின் மடிப்பிலிருந்து எடுத்தார். நடுவில் உள்ளது தன்னிடம் இருப்பதாகப் புரொக்டர் பையைத் துழாவினார். முழ நீளத் துண்டுகளும் வெளியே வந்தன. எல்லாவற்றையும் அந்தக் கடிதத்தின் மேலேயே பரப்பி, மேசை விளக்கை இழுத்து, லென்ஸை மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்தார்கள். எதிரே கம்பெனி ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பது முள் நகரவில்லை என்று உறுதியான பிறகுதான் மூவருக்கும் உறைத்தது.

கம்பெனி ஆள் துண்டுகளை மெதுவாக ஒன்றுசேர்த்தார். வீரய்யாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்போது கேட்பார், இப்போது இவர்களைப் பிடித்து உலுக்குவார் என்று காத்து நின்றார்.

“லென்ஸைக் கொஞ்சம் தாங்க, நானும் பாக்கிறன்” என்றார் கம்பெனி ஆள். பார்த்துவிட்டுச் சிரித்தார். பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கில் இப்படியெல்லாம் நடப்பதுதான் என்றார். படம் பழசாகி அறுந்தது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். துண்டுகள் திரும்பப் பர்சுகளுக்குப் போயின, இன்னொரு தேநீர் வந்தது.

“போ வீரய்யா, மெட்னிக்கு நேரமாச்சு” என்றார் ஜௌபர் முதலாளி. ஒருவர் வாயிலிருந்தும் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு சொல் வரவில்லை. வீரய்யா எடுத்திருந்தால் திருட்டு, பொலிஸ், மன்னிப்புக் கடிதம். அவர்கள் எடுத்தால் பொழுதுபோக்கு. அந்தச் சிரிப்பைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அவர்கள் கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார்.

மெட்னிக்குக் கலரி நிரம்பி வழிந்தது. பால்கனி முதல் வரிசையில் மூவரும், நடுவில் விருந்தாளியாகக் கம்பெனி ஆளும். உளவாளி சட்டைக் கையைத் தொட்டான், கடலில் விழுந்தான். விசில் கிளம்பியது. “களவாணி ஆப்பரேட்டர்!”

வீரய்யா மெஷினை நிறுத்தினார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாகத் தன் கையாலேயே ஓடுகிற படத்தை நிறுத்தி, மண்டப விளக்கு அத்தனையும் போட்டார். பார்க்கும் துவாரத்தின் கண்ணாடியை ஒதுக்கி முகத்தை வெளியே நீட்டினார்.

“நான் எடுக்கல! நான் ஹல்துமுல்லை முருகையா மகன் வீரய்யா! மொதலாளி வெட்டச் சொன்னாரு, வெட்டுனேன். எடுத்துக்கிட்டுப் போனவங்க பால்கனில உக்காந்திருக்காங்க. முன் வரிசை. கேளுங்க, அவங்க பையில என்ன இருக்குன்னு கேளுங்க!”

கலரி முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பி மேலே பார்த்தது. திரைக்கு முதுகைக் காட்டி, ஐந்நூறு முகம். யாரும் விசிலடிக்கவில்லை. அந்தப் பார்வை பட்டதும் சின்னத்துரையின் கை தானாகவே போய்ப் பர்ஸ் இருந்த சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. அதை எல்லாரும் பார்த்தார்கள். கலரியிலிருந்து அழகர் என்ற, தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுபவர் எழுந்து, “அதக் குடுத்துட்டுப் போங்க தொரை, நாங்களும் பாக்கணும்ல?” என்றார். அதற்குப் பிறகு கேட்ட சிரிப்பு பஜார் வரைக்கும் கேட்டதாம். நால்வரும் இடைவேளைக்கு நிற்கவில்லை.

வீரய்யா கார்பனைத் திரும்ப மூட்டி மிச்ச ரீல்களை ஓட்டி முடித்தார். ஓர் இடத்திலும் வெளிச்சம் மங்கவில்லை. அன்றைக்கே வேலை போனது. ஜௌபர் முதலாளி பதுளையில் வேறெங்கும் சேரவிடாமல் பார்த்துக்கொண்டார். அதற்கும் வீரய்யா அவரை வாழ்நாள் முழுக்கத் திட்டினார், சும்மா விடவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பண்டாரவளையில் ஒரு தியேட்டரில் சேர்ந்தார். அங்கே பதினைந்து வருடம். ஏசாமல் விட்டார்களா என்றால், இல்லை. கார்பன் அணைந்தாலும் ஏசினார்கள், கரண்ட் போனாலும் ஏசினார்கள். களவாணி என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.