வெள்ளிக்கிழமை மட்டும் எழும்பிய பெட்டி

எங்கள் தெரு மில் முதலாளிக்கு நான் செய்ததை ஊரில் இரண்டு விதமாகக் கதைப்பார்கள். சிலர் நான் நன்றி கெட்டவன் என்பார்கள். சிலர் அவருக்கு அது போதாது என்பார்கள். நான் இரண்டாவது கட்சி. அதனால் நடந்ததை என் கையாலேயே எழுதிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மிச்சத்தை நானாகத்தான் படித்தேன். படித்தவர்களைவிட மோசமாகப் படித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

நெல் குத்தும் அவருடைய மில்லில்தான் நான் மூட்டை தூக்கினேன். மீசை முளைக்காத வயது. அங்கிருந்து சைக்கிளில் ரேடியோ பட்டரி விற்றேன், பிறகு டோர்ச், பிறகு ரேடியோ. எண்பதுகள் பிறந்தபோது கல்முனை பஜாரில் எனக்குச் சொந்தமாக ஒரு சாமான் கடை இருந்தது. மத்திய கிழக்கிலிருந்து வருகிற டீவி, டெக், மின்விசிறி எல்லாம் என்னிடம் கிடைக்கும். எங்கள் பக்கத்தில் கலர் டீவியைக் கடை வாசலில் வைத்து ஓடவிட்டவன் நான்தான். அன்று ஆட்கள் தெருவை அடைத்து நின்றதில் பஸ் போக வழியில்லை. மில் முதலாளியின் காரும் அந்தக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தன் மூட்டை ஒன்று எழும்பி நின்று கதைத்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

சில வருடங்கள் கழித்து என் மனைவியின் தம்பி சவூதியிலிருந்து லீவில் வந்தான். வரும்போது ஒரு கொம்பியூட்டர் கொண்டுவந்தான். இப்போதுள்ளதுபோல அல்ல. தட்டுகிற கட்டைகள் வைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அவ்வளவுதான். திரை கிடையாது. வயரை டீவிக்குப் பின்னால் கொடுக்க வேண்டும். விளையாட்டு வேண்டுமென்றால் கெசட்டைப் போட்டு, அது கீச்சுக்கீச்சென்று கத்தி முடியும் வரை பொறுத்திருக்க வேண்டும். அதன் பிறகு திரையில் விமானம் பறக்கும். மச்சினன் நின்ற நாள்களில் எங்கள் வீடு கூட்டம் நிறைந்து கந்தூரி வீடு போல இருந்தது. வெளியே மாரி மழை கொட்டியது. வயல் எல்லாம் பச்சை. உள்ளே விமானம் பறந்தது.

மச்சினன் திரும்பிப் போனான். அறுவடை தொடங்கியது. பெட்டியும் படுத்துவிட்டது.

முழுதாகப் படுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. சுவிட்சைப் போட்டால் திரை நீலமாக வரும். எழுத்து வரத் தொடங்கும். பிறகு படம் நாலு பக்கமும் சுருங்கி நடுங்கும், கறுக்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

என் மனைவி பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பாள். "இந்தா எழும்புது, எழும்புது… ம், படுத்துட்டு. எனக்குப் பிரசவம் பாத்த மருத்துவிச்சிகூட இவ்வளவு பாடுபடல்ல."

பழுது தேடுவதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. சுவரிலிருந்து தொடங்கி உள்ளே போவேன். பிளக்கைக் கழற்றிப் பூட்டினேன். வயரை மாற்றினேன். கெசட் டெக்கின் தலையை ஓடிக்கொலோனில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற சின்னக் கறுப்புப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு அளவாகத்தான் இருந்தது. டீவியில் குறையோ என்று கடையிலிருந்து புதுசு ஒன்றைத் தூக்கிவந்து கொடுத்துப் பார்த்தேன். அதே நடுக்கம், அதே படுக்கை.

இந்தச் செய்தி மில் வரைக்கும் போயிற்று. ஒருநாள் அஸர் தொழுகைக்கு முன்னால் பள்ளிவாசல் ஹவுழ்த் தொட்டிக் கரையில் நான் கை கால் கழுவி வுளூச் செய்துகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் மில் முதலாளி குந்தியிருந்தார். சுற்றிவரப் பத்துப் பதினைந்து பேர்.

"என்ன தம்பி, ஓங்கட கொம்பியூட்டர் எழும்புதில்லையாமே?"

"சின்னப் பழுது ஹாஜியார். பாத்துக்கிட்டிரிக்கன்."

"பழுது பெட்டியில இல்ல தம்பி. இங்கிலீசுல அது என்ன செல்லுதெண்டு ஒனக்கு வெளங்காது. நீ என்ன தட்டுறாயெண்டு அதுக்கு வெளங்காது. பெட்டிய டியூட்டி ஃப்ரீயில வாங்கலாம். மூளைய அங்க விக்கிறானில்லயே."

எல்லாரும் சிரித்தார்கள். வாயில் தண்ணீர் வைத்திருந்தவர்கூடத் துப்பிவிட்டுச் சிரித்தார். மில் முதலாளி விடவில்லை.

"நெல்லு மூட்டயெண்டா முதுகால தூக்கலாம். இது அப்பிடியில்லடா மனே."

நான் கால் கழுவினேன். தொழுதேன். என்ன ஓதினேன் என்று கேட்காதீர்கள்.

சிரித்துவிட்டுப் போயிருந்தால் அது சிரிப்போடு முடிந்திருக்கும். அந்தக் கிழமையே சம்மாந்துறையிலிருந்து ஒருவர் மகளின் கலியாணத்துக்கு டீவி பார்க்க வந்தார். பேசி முடித்து, சாமானைக் கட்டுகிற நேரத்தில் கையைப் பின்னுக்கு இழுத்தார்.

"குறை நினைக்காதீங்க காக்கா. ஓங்கட ஊட்டுச் சாமானையே ஓங்களுக்கு ஓட்டத் தெரியாதாமே. நாள பின்ன இதுக்கு ஒண்டு நடந்தா நான் ஆரிட்டப் போற?"

"ஆரு செல்லின?"

"நெல்லுக் குத்தப் போன எடத்துல கதைச்சாங்க."

எனக்குப் பட்டம் கிடையாது, பரம்பரை நிலம் கிடையாது. 'அவன் தந்தால் ஓடும்' என்று சனங்கள் சொல்கிற அந்த ஒரு சொல்லில்தான் என் கடை நின்றது. அந்தச் சொல்லை மில் முதலாளி தவிட்டோடு சேர்த்துப் புடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டி எழும்பாவிட்டால் கடையும் படுத்துவிடும் என்று அன்று எனக்குத் தெரிந்தது. எழும்பினால் அவரைப் படுக்கவைக்க வேண்டும் என்றும் அன்றே முடிவெடுத்தேன்.

பெட்டியைச் சேலைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினேன். அங்கே எனக்குத் தெரிந்த ரேடியோத் திருத்துநர் ஒருவர் இருந்தார். வயரைக் கொடுத்துச் சுவிட்சைப் போட்டார். நீலம் வந்தது, எழுத்து வந்தது, கெசட் கத்தியது, விமானம் பறந்தது. அவர் இரண்டு முறை விளையாடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல ஒரு கோதாரியும் இல்ல காக்கா. ஓங்கட ஊட்டுலதான் என்னமோ பழுது."

வீட்டுக்கு வந்து போட்டேன். நடுங்கியது. படுத்தது. மனைவி சாம்பிராணிச் சட்டியைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றிக் காட்டினாள். அவளுடைய கணக்கில் அது கண்ணூறு. யாஸீன் ஓதி ஊதிய பிறகும் அது எழும்பவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வருகிறேன், உள்ளே பெண்களின் சிரிப்புச் சத்தம். தெருப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள். டீவியில் விமானம் பறக்கிறது. மனைவியின் முகத்தில் பெருநாள்.

"நான்தான் போட்டன். பிஸ்மி செல்லிப் போட்டன், எழும்பிட்டு. வெள்ளிக்கிழமட பரக்கத்து. ஓங்களுக்குத்தான் ஓதத் தெரியாது."

நான் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. பின்னால் போய் வயரைப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. சோறு தின்றோம், அது ஓடியது. பெண்கள் வெற்றிலை போட்டார்கள், அது ஓடியது. பிறகு தெருக்கோடியில் மில்லின் பெல்ட் 'டக்கு டக்கு' என்று எடுத்தது. படம் நாலு பக்கமும் சுருங்கியது. நடுங்கியது. படுத்தது.

"அல்லாஹ்," என்றாள் மனைவி, "பரக்கத்து முடிஞ்சிட்டு."

நான் தலைக்கு மேலே மின்விசிறியைப் பார்த்தேன். அதுவும் கிழவன் மாதிரிச் சுற்றியது.

அறுவடைக் காலத்தில் அந்த மில் இரவு பகலாக ஓடும். ஜும்ஆவுக்கு மட்டும்தான் நிற்கும். தொழுகை வரிசையில் முன் சஃப்பில் முதல் ஆளாக அவர் இருக்க வேண்டுமே. மில் ஓடினால் எங்கள் தெருவில் பல்ப் மஞ்சளாகும். அது வருடா வருடம் நடப்பது. மழைக்குக் கூரை ஒழுகுவது மாதிரி எடுத்துக்கொண்டோம். அந்தக் கரண்டிலும் டீவி ஓடியது, ரேடியோ பாடியது. ஆகையால் கரண்டில் குறை இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. இந்தப் பெட்டி மட்டும் ரோசக்காரப் பெட்டி. அரைவயிற்றுக்கு வேலை செய்யாது. மச்சினன் நின்ற மாரியில் மில்லுக்கு நெல் இல்லை, அதனால் ஓடியது. அக்கரைப்பற்றில் அந்த மில் இல்லை, அதனால் ஓடியது. என் மூளையால்தான் இதைக் கண்டுபிடித்தேன், டியூட்டி ஃப்ரீயில் வாங்கியதல்ல.

கரண்டை நிதானப்படுத்துகிற ஸ்டெபிலைசர் என் கடைத் தட்டிலேயே அடுக்கிக் கிடந்தது. ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினால் பெட்டி எழும்பும், கதை முடியும். மனைவிக்கு விஷயம் விளங்கியதும் அதைத்தான் சொன்னாள்.

"மறுகா என்ன, ஒண்டக் கொண்டுவந்து பூட்டுங்களன்."

"பூட்டினா அவன் சிரிச்சது சிரிச்சபடியே கெடக்கும்," என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தெரு ஆண்கள் எல்லாரையும் சாப்பாட்டுக்கு அழைத்தேன். மாடு அறுத்தேன். மில் முதலாளியின் வீட்டுக்கு நானே போய், கையைப் பிடித்து அழைத்தேன். வேடிக்கை பார்க்கும் ஆசையில் வந்தார். முன்வரிசையில் அவருக்குக் கதிரை போட்டேன். பெட்டியைப் போட்டேன். விமானம் பறந்தது. அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது, எங்கள் டீவிப் படம் போல.

"ஆரு தம்பி திருத்தினது?"

"ஆரும் திருத்தல்ல ஹாஜியார். பாத்துக்கிட்டே இரிங்க."

"எங்க பாக்கிற. மில்லப் போடணும். நெல்லு மலையாக் கெடக்கு."

"போங்க ஹாஜியார். வேலதானே முக்கியம்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றச் சொன்னேன். யாரும் எழும்பாமல் பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியில் பெல்ட் எடுத்தது. விமானம் நடுவானில் நடுங்கி, சுருங்கி, கறுத்துப்போயிற்று.

நான் மேலே விசிறியைக் காட்டினேன். பிறகு பல்பைப் போட்டுக் காட்டினேன்.

முதலில் வாய் திறந்தவர் போன வருடம் ஃபிரிட்ஜ் எரிந்துபோன பக்கத்து வீட்டுக்காரர். "அப்ப என்ட ஃபிரிட்ஜும்…" என்றார். அவருக்குப் பின்னால் தண்ணீர் மோட்டர் எரிந்தவர். அதற்குப் பின்னால், மகன் மஞ்சள் வெளிச்சத்தில் படித்துக் கண்ணாடி போட்டவர். அந்தக் கண்ணாடிக்கும் மில்லுக்கும் சம்பந்தம் உண்டா என்பது எனக்குத் தெரியாது. நான் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை தெருவே திரண்டு கரண்ட் கந்தோருக்குப் போனது. முறைப்பாட்டில் முதல் கையெழுத்து என்னுடையது. பெரிதாக, தெளிவாக வைத்தேன். கந்தோரிலிருந்து ஆள் வந்து மில்லைத் திறந்து பார்த்தார். அனுமதி கேட்டது ஒரு மோட்டருக்கு. உள்ளே ஓடியது அதைவிடப் பெரிய மோட்டர். மில்லுக்குத் தனியாக ட்ரான்ஸ்ஃபோர்மர் போடும் வரை ஓட்டக் கூடாது என்று இழுத்து மூடிவிட்டார்கள். ட்ரான்ஸ்ஃபோர்மர் என்ன, கடையில் வாங்குகிற பல்பா? வர மாதக் கணக்காகும். அறுவடை பொறுத்திருக்குமா?

அன்றிலிருந்து நான் கடைக்குப் போகும் பாதையை மாற்றினேன். மில் வாசலால் போனேன். நெல் மூட்டைகள் வளவு நிறைந்து தெருவுக்கு வந்தன. பிறகு ஒவ்வொன்றாக உழவு மெஷின்களில் ஏறிச் சம்மாந்துறை மில்களுக்குப் போயின. அதைப் பார்க்கிற ஒவ்வொரு காலையும் எனக்குத் தேத்தண்ணி இனித்தது. அந்தச் சம்மாந்துறைக்காரரும் திரும்பி வந்து டீவி வாங்கினார். கதையை முழுதாகக் கேட்டு, இரண்டு தரம் சிரித்து, கூடவே ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கினார்.

ஒருநாள் பள்ளிவாசல் மரைக்கார் வீட்டுக்கு வந்தார். எங்கள் குடியின் வழக்குகளைத் தீர்த்துவைப்பவர் அவர். சொல்லுக்கு ஊரில் மதிப்புண்டு. அவருக்குப் பின்னால் வாசல் கடப்படியில் மில் முதலாளி நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

மரைக்கார் தொண்டையைச் செருமினார். "தம்பி, முதல் கையெழுத்து ஓங்கட. நீங்க போய் ஒரு சொல்லுச் செல்லினா, அறுவடை முடியுமட்டும் ஓட்ட விடுவாங்க. மனிசன் நொந்துபோனார்."

"என்ன நொந்தது காக்கா? முதுகா?"

கடப்படியில் நின்றவர் மண்ணைப் பார்த்தார்.

"அவர் அண்டைக்கு வெளையாட்டுக்குச் செல்லினது," என்றார் மரைக்கார். "மன்னிக்கிறவனுக்குத்தான் அல்லாஹ்ட கூலி. ஓங்களுக்குத் தெரியாததா?"

"நல்லாத் தெரியும். மன்னிக்கிறன் காக்கா. வெள்ளாம வெட்டி முடியட்டும், அண்டைக்கே மன்னிக்கிறன்."

"அது என்ன மன்னிப்பு தம்பி?"

"என்னட்ட இரிக்கிறது அதுதான்."

மரைக்கார் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியாமல் தோளில் கிடந்த சால்வையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பிவிட்டார். மில் முதலாளி அவருக்கு முன்னாலேயே போய்விட்டார்.

எல்லாரிடமும் நான் ஒன்று சொல்வதுண்டு: நான் வாக்குத் தவறுபவன் அல்ல. கடைசி மூட்டையும் சம்மாந்துறைக்குப் போன அன்று பின்னேரம், குளித்து, வெள்ளைச் சாரன் உடுத்து, அத்தர் பூசிக்கொண்டு அவர் வீட்டுக்கு மன்னிக்கப் போனேன். ஹோலில் உட்கார வைத்தார்கள். உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவில்லை. வெகு நேரத்துக்குப் பிறகு யாரோ ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். குடித்துப் பார்த்தேன். சீனி போடவில்லை.

முழுவதையும் குடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.