நூற்றைத் தொடாத சேவியர் கார்

பெட்ரோல் வாசனையும் மைதாப் பசை வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். எண்பதுகளின் தொடக்கம், காரைக்கால், காதர் பாயின் டிங்கர் பட்டறை... ஒரு கார் முழுக்கக் கம்பளி நூல் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

கார் என் நண்பன் சேவியருடையது. பழைய இரண்டு கதவு வண்டி. அவர்களுடையது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பாரீஸிலிருந்து சித்தப்பா கார் பத்திரிகை அனுப்புவார். அதைப் படித்துப் படித்தே சேவியர் கெட்டுப்போனான். சைலன்சரை மாற்றினான், கார்புரேட்டரை மாற்றினான், எடை குறையட்டும் என்று பின்சீட்டுப் பஞ்சைக்கூடப் பிடுங்கிப் போட்டான். நான் அப்போது அரசாங்க ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த டிராப்ட்ஸ்மேன். ஸ்கேல் பிடிக்கத் தெரிந்த ஒரே நண்பன் என்பதால் நானும் மாட்டிக்கொண்டேன்.

சிக்கல் சேவியர் காதலித்த தெரேஸால் வந்தது. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பட்டாளத்துக்காரர்களை எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்போம். அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. பெண் கேட்கப் போன இடத்தில் சேவியர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், தன் வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று சொல்லிவிட்டான்.

சொல்தா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“பொய் சொல்ற மாப்பிள்ளை எனக்கு வேணாம் தம்பி. நானே ஒக்காந்து பாக்கறேன். நூறு வந்தா அப்பறம் பேசுவோம்.”

வண்டி எண்பத்திரண்டைத் தாண்டியதே இல்லை...

பத்திரிகையில் ஒரு வழி இருந்தது. எஞ்சின் போதும், எதிரி காற்றுதான் என்று போட்டிருந்ததாம். காரின் மேல் நூல் ஒட்டி ஓட்டிப் பார்த்தால், காற்று சீராகப் போகிற இடத்தில் நூல் படிந்து கிடக்கும். சுழல்கிற இடத்தில் எழுந்து ஆடும். ஆடுகிற இடம் பார்த்துத் தகரம் அடிக்க வேண்டும்.

காரைக்காலில் கம்பளி நூலுக்கு எங்கே போவது? பாரீஸ் சித்தி அனுப்பிய சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று சேவியர் வீட்டுப் பெட்டியில் கிடந்தது. நம் வெயிலில் அதை யார் போடுவது... பிரித்துவிட்டோம்.

சேவியர் காரை ஓட்ட, காதர் பாயின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, பக்கத்திலேயே போய் நோட்டில் குறித்துக்கொண்டேன். டீ குடிக்கத் திருநள்ளாறில் நிறுத்தினோம். அன்று சனிக்கிழமை என்பது மூன்று பேருக்குமே நினைவில்லை. குளத்தில் முழுகிய ஈர வேட்டியோடு வெளியூர்ப் பெரியவர் ஒருவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். எந்த தோஷத்துக்கு இப்படி நூல் கட்டுவது என்று பணிவாகக் கேட்டார்.

“காத்து தோஷங்க” என்றான் சேவியர்.

பெரியவர் தலையாட்டிவிட்டு, கையிலிருந்த எள் பொட்டலத்தை பானெட்டில் வைத்துக் கும்பிட்டுப் போனார். காதர் பாய் சிரித்த சிரிப்பில் திரும்பும் வழியெல்லாம் ஸ்கூட்டர் வளைந்து வளைந்துதான் வந்தது.

நான் வரைந்தேன், பாய் அடித்தார். டிக்கி மேல் ஒரு தகர வால். முன்னால் பம்பருக்குக் கீழே, அடியில் காற்று நுழையாதபடி ஒரு தகரப் பட்டை... தரையிலிருந்து நாலே விரல் உயரம். நாலு விரல் என்று வரைந்தது நான்தான். அந்தப் பழி என்னுடையது.

தனியாக ஓட்டியதில் தொண்ணூறு வந்தது. சேவியருக்குத் தலைகால் புரியவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் சொல்தா இஸ்திரி போட்ட பேன்ட்டோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். பஞ்சில்லாத பின்சீட்டில் நான். சுரக்குடிப் பக்கம் ரோடு நேராக இருக்கும். எண்பது... எண்பத்தைந்து... தொண்ணூறு. முன்னால் எட்டிப் பார்த்தேன். எத்தனையோ தேசத்தில் லாரி ஓட்டிய மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்று நாலு.

அப்போதுதான் தெரிந்தது, தூரத்தில் ரோட்டை அடைத்து நெல் காயப் போட்டிருந்தது. சேவியர் பிரேக்கை மிதித்தான். வேகம் நன்றாகக் குறைந்துவிட்டது, ஆனால் நிற்கவில்லை. வேறு வண்டி என்றால் நெல் மேல் ஏறிப் போயிருக்கும். எங்கள் வண்டி அந்தத் தகரப் பட்டையால் நெல்லை மொத்தமாக வழித்துத் தள்ளிக்கொண்டே போய், முன்னால் ஒரு குவியலைச் சேர்த்துவிட்டு நின்றது.

நெல்லுக்குக் காவல் இருந்த அம்மா எழுந்து வந்தார். குவியலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“காலையிலேந்து காலால தள்ளித் தள்ளிப் பரப்புனேன். எறங்குங்க. பரப்பிக் குடுத்துட்டுப் போங்க.”

சொல்தா கண்ணைத் திறந்தார். “நூறு வந்துச்சா?”

நான் பின்னாலிருந்து சேவியரின் சீட்டை முழங்காலால் இடித்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மீட்டரைப் பார்த்தது நாங்கள் இருவர் மட்டும்தான்.

சேவியர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னான்.

“இல்லைங்க முசியே. தொண்ணூத்தி நாலுதான். அன்னிக்கு நான் சொன்னது பொய்.”

சொல்தா கதவைத் திறந்தார். இறங்கினார். ஷூவைக் கழற்றினார், பேன்ட்டை முழங்கால்வரை மடித்தார், நெல்லைக் காலால் தள்ள ஆரம்பித்தார். நாங்களும் இறங்கினோம். அந்த மூலையில் கனமாகக் கிடக்கிறது, இந்தப் பக்கம் இன்னும் மெல்லிசாக வேண்டும் என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல, சொல்தா மறுபேச்சில்லாமல் செய்தார்.

கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேவியரைப் பார்க்காமலே சொன்னார்:

“ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அப்பாவ வரச் சொல்லு.”

சேவியருக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு நடு ரோட்டில், நெல்லுக்கு மத்தியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அதற்கும் அந்த அம்மாவிடம் திட்டு வாங்கினான்.

கல்யாணமாகி இரண்டு பேரும் பிரான்ஸ் போனார்கள். இன்னும் அங்கேதான். கார் யாரிடம் போய் என்ன ஆனது என்று தெரியவில்லை.

போன மாதம் என் மகன் தன் காருக்கு ஒரு ஸ்பாய்லர் வரவழைத்தான், டிக்கி மேல் வைக்கிற அதே வால்தான். அட்டைப் பெட்டியில் வந்தது. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப், ஐந்தே நிமிடம். காற்றுக்கு இது என்ன செய்யும் என்று கேட்டேன். “காத்துக்கெல்லாம் இல்லப்பா, சும்மா லுக்குக்கு” என்றான். அன்று சாயங்காலமே என்னை ஏற்றிக்கொண்டு பைபாஸில் போனான். கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு... நூற்றுப் பத்து என்று அவன் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் அந்த ஸ்பாய்லரைத் தடவிப் பார்த்தேன். வழுவழு என்று, அழகாகத்தான் இருந்தது. எங்கேயும் ஒரு சுத்தியல் தழும்பு இல்லை.