மடித்த வெள்ளைத் துணி

என் மகள் தலையில் பேனைக் கண்ட கோபத்தில் அவளுடைய அங்கன்வாடிக்குப் போனேன். அங்கிருந்த ஆயா ஒல்லியானவர். நூல் சுற்றிய பழைய கண்ணாடி. பேன் இருக்கிறதோ இல்லையோ, எல்லாக் குழந்தைகளுக்கும் வரிசையாகப் பேன்சீப்பு போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தலையாக முடிந்ததும், மடியிலிருந்த வெள்ளைத் துணியை யாரும் பார்க்கும் முன் மடித்து, வெளியே போய் உதறிவிட்டு வந்தார்.

“எந்தக் கொழந்தைகிட்ட இருந்துங்க ஒட்டுச்சு?” என்றேன்.

“அதை ஆருகிட்டயும் சொல்றதில்லீங்க அம்மணி. செத்த உக்காருங்க, உங்களுக்கும் சீவி உடறேன்.”

குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்ததால் மறுக்க முடியவில்லை. உட்கார்ந்தேன். அவர் சீவி முடித்ததும், நான் திரும்புவதற்குள் துணி மடிந்திருந்தது.

அதில் ஏதாவது இருந்ததா என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை.